வாழை வெட்டிய வாள்

என் தம்பி லண்டனில் ஒழுங்காகக் கற்றுக்கொண்ட ஒரே வேலை ஜப்பான்காரரின் வாளைத் துடைப்பதுதான். யாரிடமாவது சொன்னால் முதலில் சிரிப்பார்கள். நானும் சிரித்தவள்தான். எங்களோடு வந்த சனத்தின் பிள்ளைகள் எக்கவுண்டன்ஸி படித்தார்கள், பெற்றோல் செட் எடுத்து நடத்தினார்கள், வீட்டுக்கு மேல் வீடு வாங்கினார்கள். இவன் ஒரு வெள்ளைக்காரியின் வீட்டில் தரையில் முழங்காலை மடித்து உட்கார்ந்து இரும்பைத் துடைத்தான். இப்போது அதை நினைத்துச் சிரிக்க எனக்கு வாய் வருவதில்லை.

எண்பதுகளின் நடுவில் அவன் வந்து சேர்ந்தான். தோர்ண்டன் ஹீத்தில் நாங்கள் இருந்தது ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகளில் ஒன்று. மேல்மாடியில், கட்டிலைப் போட்டால் கதவு முழுசாகத் திறக்காத ஒரு சின்ன அறை. அது அவனுக்கு. ஊரில் ஆமி முகாமில் அவனை எவ்வளவு காலம் வைத்திருந்தார்கள், என்னென்ன செய்தார்கள் என்பது எனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். அவன் என்னிடம் சொன்னதில்லை. வாழ்க்கையில் ஒரே ஒருதரம் அதை முழுக்கச் சொன்னான், விசா அலுவலகத்தில் ஒரு மேசைக்கு முன்னால், மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு. கேட்டு முடித்துவிட்டு, உன் கதையை நம்பவில்லை என்று பதில் அனுப்பினார்கள். பிறகு எதற்கோ மனம் மாறி, தற்காலிகமாக இருக்கலாம் என்று ஒரு விசா தந்தார்கள். நீ சொன்னது பொய், ஆனாலும் இருந்துவிட்டுப் போ என்பதுதான் அதன் பொருள். அதற்கு நாங்கள் அம்மாளுக்கு அர்ச்சனை வேறு செய்தோம்.

அந்தப் பதிலுக்குப் பிறகு அவன் கதைப்பதைக் குறைத்துவிட்டான். கேட்டால் ஓம், இல்லை. சாப்பாட்டைப் போட்டு வைத்தால் சாப்பிடுவான், வைக்காவிட்டால் கேட்க மாட்டான். கிடைத்த வேலையில் சில கிழமை நிற்பான், பிறகு ஒருநாள் போக மாட்டான். தோர்ண்டன் ஹீத் சனம் சும்மா இருக்குமா? மண்டை பிழைத்துவிட்டது என்று கடையில் மரக்கறி வாங்கும்போதே என் காதில் விழும்படி கதைத்தார்கள். நான் வாய் காட்டாமல் வந்ததில்லை. ஆனால் வீட்டுக்கு வந்து அவன் யன்னலைப் பார்த்துக்கொண்டு இருப்பதைக் கண்டால், அவர்கள் சொன்னதுதான் சரியோ என்று எனக்கே சந்தேகம் வரும்.

கடைசியாக, பஸ் தரிப்புக்குப் பக்கத்தில் இருந்த சேர்ச் மண்டபத்தைக் கூட்டிக் கழுவும் வேலை ஒன்று என் கணவரின் முயற்சியில் கிடைத்தது. அங்கே வாரத்தில் ஒரு பின்னேரம் வாள் பழகும் வகுப்பு நடந்தது. இவன் துடைப்பத்தோடு வாசலில் நின்று பார்த்திருக்கிறான். பல கிழமை அப்படிப் பார்த்தபிறகு, வகுப்பை நடத்திய பெண், சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வாருங்கள் என்று கூப்பிட்டிருக்கிறாள். இவன் போனான். எங்கே கூப்பிட்டாலும் போகாதவன் அங்கே போனான்.

எனக்குச் சந்தேகம் பிடித்தது. யார் இந்த வெள்ளைக்காரி, இவனிடம் அவளுக்கு என்ன வேலை என்று ஒருநாள் நேரிலேயே போய்ப் பார்த்தேன். ஐம்பதை நெருங்கிய, நரைத்த முடியைக் கட்டையாக வெட்டிய ஒரு பெண். கறுப்புப் பாவாடை மாதிரி ஒன்றைக் கட்டிக்கொண்டு பத்துப் பன்னிரண்டு பேர் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள், என் தம்பியும் ஒருவன். குனிந்து வாளைக் கும்பிட்டார்கள். மெதுவாக உருவினார்கள். ஒன்றுமில்லாத இடத்தில் ஒரு வெட்டு. திரும்ப உறைக்குள் போட்டார்கள். மறுபடியும் அதே. கூர் இல்லாத வாள்கள், பழகுவதற்கென்றே செய்தவை. ஒருவரையொருவர் தொடவும் இல்லை. நான் எதிர்பார்த்துப் போன சண்டை கடைசிவரை தொடங்கவே இல்லை.

வீட்டுக்கு வரும் வழியில் கேட்டேன்: "எதிரி எங்கையடா? ஆரை வெட்டுறியள்?"

"ஒருத்தரும் இல்லை அக்கா. அதுதான் நல்லது."

மாதக்கணக்கில் அவன் என்னோடு பேசிய மிக நீண்ட பேச்சு அதுதான்.

அந்தப் பெண் விதவை. அவளுடைய கணவர் உயிரோடு இருந்தபோது ஜப்பான் வாள்கள் சேர்த்தவர். பேர்லியில் அவளுடைய வீட்டில் ஓர் அறை முழுக்க அவைதான். மரத்தாங்கிகளில் கூர்ப்பக்கம் மேலே பார்க்க வாள்கள் கிடந்தன. சுவரில் கண்ணாடிக்குப் பின்னால், பிடிக்கும் அலகுக்கும் நடுவில் போடும் வட்ட இரும்புத் தகடுகள், கொக்கும் அலையும் செதுக்கியவை. இந்த வாள்களைக் காலத்துக்குக் காலம் துடைத்து எண்ணெய் போடாவிட்டால் துரு பிடித்துவிடும். அவளுக்கு விரல் மூட்டுகளில் வாதம், வாளை நம்பிப் பிடிக்கக் கை விடுவதில்லை. அதனால் அந்த வேலையை என் தம்பிக்குப் பழக்கி, கடைசியில் வீட்டுச் சாவி ஒன்றையும் கொடுத்தாள். சாவியைக் கொண்டுவந்து அவன் மேசையில் வைத்துவிட்டு, அதையே பார்த்துக்கொண்டிருந்தான். "என்னை ஆரெண்டே அவவுக்குத் தெரியாது" என்றான். பிறகு அதை ஒரு நூலில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டான். எங்கள் வீட்டுச் சாவியை மாதம் ஒருதரம் தொலைக்கிறவன்.

ஒரு சனிக்கிழமை அங்கே என்னையும் கூட்டிப்போனான். தரையில் துணி விரித்து, வாளைக் கும்பிட்டு எடுத்து, உறையிலிருந்து மெல்ல உருவினான். மெல்லிய கடதாசியால் பழைய எண்ணெயைத் துடைத்தான். துணியில் கட்டிய வெள்ளைப் பொடியை அலகு முழுக்கத் தட்டித் தட்டி, மறுபடி வேறு கடதாசியால் துடைத்தான். அப்போது வாள் வெளிச்சத்தில் திரும்ப, கூர்ப்பக்கமாக மேகம் படர்ந்த மாதிரி ஒரு வெள்ளைக் கோடு தெரிந்தது. எனக்கு வாளைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. ஆனாலும் அந்தக் கோட்டைப் பார்த்ததும் வாயைத் திறந்து, "என்ன வடிவு" என்று சொல்லப் போனேன். அவனும், பக்கத்தில் இருந்த அவளும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்துக் கையைக் காட்டி நிறுத்தினார்கள்.

பிறகு குசினியில் தேத்தண்ணி தந்துகொண்டு அவள் விளக்கினாள். உருவிய வாளுக்கு முன்னால் கதைக்கக் கூடாதாம். பேசும்போது வாயிலிருந்து போகும் ஈரம் கண்ணுக்குத் தெரியாமல் அலகில் படிந்து துருவாகிவிடுமாம். விரல் பட்டால் அதைவிட மோசம், விரல் அடையாளமே கறையாக இறங்கிவிடும். நான் அவனைப் பார்த்தேன். அவன் குனிந்துகொண்டு சிரித்தான். கதைக்காதவனுக்குக் கதைக்கக்கூடாத வேலை. இப்படிப் பொருத்தம் எந்தக் கலியாணத் தரகராலும் பார்த்துத் தர முடியாது. வாளுக்குப் போடும் எண்ணெயில் கராம்பு மணத்தது. பல்லுக்குத்துக்கு ஊரில் பஞ்சில் தோய்த்து வைக்கும் அதே மணம். அவன் வீட்டுக்கு வரும்போதெல்லாம் அந்த மணத்தோடுதான் வந்தான், நானும் அவன் உடுப்பைத் தோய்க்கும்போது மூக்கில் வைத்துப் பார்ப்பேன்.

அதற்குப் பிறகு வந்த வருடங்கள்தான் அவனுடைய வாழ்க்கை என்று நான் சொல்லுவேன். முன்னுக்கும் இல்லை, பின்னுக்கும் இல்லை. ஒரு களஞ்சியத்தில் நிரந்தர வேலை எடுத்தான், ஷிப்ட் தவறாமல் போனான். குளிக்கும்போது பாட்டு முணுமுணுத்தான். குழம்பில் உப்புக் கூட என்று என்னைக் குறை சொன்னான், அதைக் கேட்டு நான் அடுப்படியில் நின்று அழுதேன். என் கணவர் ஒரு பெண்ணின் படத்தைக் காட்டியபோது, "பாப்பம் அத்தான்" என்றான். அந்த இரண்டு சொல்லுக்காக நான் என்னென்ன நேர்த்தி வைத்திருந்தேன் என்று அம்மாளுக்குத்தான் தெரியும்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு புரட்டாதி. அந்தப் பெண்ணின் வீட்டுக் கூரை ஒழுகத் தொடங்கியது. அதைத் திருத்த வேலையாட்கள் வர இருந்தார்கள். அதே நேரம் ஸ்கொட்லாந்தில் அவளுடைய சகோதரிக்குச் சத்திரசிகிச்சை, அங்கே போய் நிற்க வேண்டும். மற்ற வாள்களை எல்லாம் கணவரின் சிநேகிதர் ஒருவர் தன் வீட்டில் வைக்க எடுத்துப்போனார். ஒன்றை மட்டும் அவள் என் தம்பியிடம் தந்தாள். அது அவளுடைய கணவர் சாகும்வரை தன் கட்டிலுக்கு எதிரே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்த வாள். எத்தனையோ தலைமுறை கைமாறி வந்தது. "ஈரமான காலம், அடிக்கடி பார்க்க வேண்டும். உங்களுக்கு அதன் முகம் தெரியும்" என்றாளாம்.

மீன்பிடிக்கிற தூண்டில் தடி வைக்கும் நீளப் பையில் போட்டு, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தான். ஊரில் ஒரு கத்தி வைத்திருந்தாலே பிடித்துக்கொண்டு போன காலத்தில் பிடிபட்டவன், லண்டனில் வாளோடு பஸ்ஸில் வந்து இறங்கினான். அவனுடைய சின்ன அறையில் மேசையின் மேல் தாங்கி வைத்து, அதில் வாளை வைத்தான். வீட்டில் எல்லோரும் மெதுவாக நடந்தோம். நான் அந்த அறையைக் கூட்டக்கூட இல்லை.

என் கணவருடைய வாய் சும்மா இருக்காது. வீட்டில் ராசாக்கள் வைத்திருந்த வாள் இருக்கிறது என்று வேலையிடத்தில் சொன்னார், கடையில் சொன்னார், கோயிலிலும் சொன்னார். அப்போது எங்கள் பக்கத்தில் ஒரு மண்டபத்தை வாடகைக்கு எடுத்துக் கோயிலாக வைத்திருந்தார்கள். அம்மாள் படமும் சின்ன விக்கிரகமும் மட்டும்தான். நவராத்திரி முடிந்து விசயதசமியன்று அங்கே வாழை வெட்டு நடக்கும். ஊரில் அம்மாள் எழுந்தருளி வர, அசுரன் என்று நட்டு வைத்த வாழையைக் குருக்கள் வாளால் வெட்டுவார். லண்டனில் வாழை ஏது? ரெய்னர்ஸ் லேனில் ஒரு ஐயா கண்ணாடி அறைக்குள் வாழை வளர்த்தார், குளிருக்குக் கம்பளி சுற்றிப் பிள்ளையைப் போலப் பார்த்தார். வருடத்துக்கு ஒரு வாழைக்குட்டி அவர் உபயம். வாளுக்குத்தான் வழியில்லை. அதற்கு முந்தின வருடம் வரை அசுரனை வெட்டியது பாண் வெட்டுகிற கத்தி. அதுவும் பல்லு வைத்த கத்தி, ஐயர் வாழையை அரிந்துகொண்டு நிற்பார், அம்மாள் பொறுமையாகக் காத்துக்கொண்டு நிற்பா.

கோயில் தலைவர் வீட்டுக்கே வந்துவிட்டார். மண்டை பிழைத்தவன் என்று கதைத்தவர்களில் அவரும் ஒருவர். அன்றைக்கு என் தம்பியைக் கதிரையில் இருத்திவிட்டுத்தான் தான் இருந்தார்.

"தம்பி, ஐயருக்கு இந்தமுறை தோள்மூட்டு ஏலாது. நீர்தான் வாள் பழகின ஆள். நீரே வந்து வெட்டும். அம்மாளுக்குச் செய்யிறது, யோசியாதையும்."

அவன் உடனே ஓம் சொல்லவில்லை. அது தன்னுடைய வாள் இல்லை என்றான். உருவி எல்லோர் முன்னிலும் வைக்கிற சாமான் இல்லை என்றான். தலைவர் விடவில்லை. கடைசியில் ஒரு நிபந்தனை போட்டான்: அலகில் ஒருத்தரும் கை வைக்கக் கூடாது. தலைவர், "ஒருத்தரையும் கிட்ட விடமாட்டன்" என்று சத்தியம் பண்ணிவிட்டுப் போனார்.

ஸ்கொட்லாந்துக்கு ரெலிபோன் எடுத்து அவளிடம் கேட்டிருக்கலாமே என்று பின்னால் பலர் என்னிடம் கேட்டார்கள். சகோதரி ஆஸ்பத்திரியில் கிடக்கிறவளிடம் வாழை வெட்டவா என்று எப்படிக் கேட்பது? நான் அவனிடம் கேட்டது வேறு. இவ்வளவு காலம் கோயில் பக்கமே போகாதவனுக்கு இப்போது என்ன வந்தது என்றுதான். அவன் யோசித்துவிட்டுச் சொன்னான்:

"அங்கையும் கும்பிட்டுத்தான் எடுக்கிறம். இங்கையும் கும்பிட்டுத்தான் எடுக்கிறம். ரெண்டும் ஒண்டுதானே அக்கா."

ஒன்றில்லை. இதை நான் எத்தனையோ வருடம் மனதில் போட்டுப் புரட்டியிருக்கிறேன். நாங்கள் ஒன்றைக் கும்பிட்டால் அதில் பூசுவோம். மஞ்சள் பூசுவோம், சந்தனம் பூசுவோம், குங்குமம் வைப்போம், தண்ணீர் தெளிப்போம், பூவைச் சாத்துவோம். தையல் மெசினையும் விடமாட்டோம், காரையும் விடமாட்டோம். அவர்கள் ஒன்றைக் கும்பிட்டால் தொடாமல் விடுவார்கள், மூச்சுக்கூடப் படாமல் பார்ப்பார்கள். இரண்டும் மரியாதைதான். இரண்டையும் மனசாரப் படித்தவன் உலகத்திலேயே அவன் ஒருவனாகத்தான் இருந்திருப்பான். அவனுக்குத்தான் இது வந்து வாய்த்தது.

விசயதசமியன்று வேட்டி கட்டி, சால்வையை இடுப்பில் சுற்றி, அவன் மண்டபத்துக்குள் வந்து நின்றதை நான் மறக்க மாட்டேன். இடுப்பில் கடதாசி மடித்துச் செருகியிருந்தான், வெட்டி முடிந்ததும் துடைப்பதற்கு. ஐயர் சந்தனத்தோடு வந்தபோது, விரல் படக்கூடாது என்று தாழ்ந்த குரலில் சொன்னான். ஐயர் நல்ல மனிதர், கோபிக்கவில்லை. வெற்றிலைக் காம்பால் சந்தனத்தைத் தொட்டு அலகில் மூன்று இடத்தில் பொட்டு வைத்தார். அதன்மேல் குங்குமத்தையும் காம்பாலேயே வைத்தார். பூவால் தண்ணீர் தெளித்தார். விரல் படவே இல்லை. என் தம்பியின் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. விரலுக்குத்தான் அவன் பயந்தான். சாமிக்கு வைக்கிற பொட்டு ஒன்றுக்குக் கெடுதல் செய்யும் என்று எங்களில் யாருக்குத் தோன்றும்?

பிறகு மூன்று அடி முன்னால் வைத்து ஒரு வெட்டு வெட்டினான். சத்தமே கேட்கவில்லை. வாழை அப்படியே நின்றது. வெட்டுப்படவில்லை என்று யாரோ சொல்ல வாயெடுக்க, மேல்பாதி வழுக்கிக்கொண்டு கீழே விழுந்தது. மண்டபம் முழுக்க அரோகரா என்றது. எனக்குப் பக்கத்தில் நின்ற பெண், கடையில் எனக்குக் கேட்கக் கதைத்தவள், என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். என் தம்பி இனி மனிசரோடு மனிசனாக இருப்பான் என்று நினைத்தேன்.

அவன் இடுப்பிலிருந்து கடதாசியை எடுத்தான். ஐயர் தடுத்தார். "பொட்டை அழிக்கக் கூடாது தம்பி. இண்டைக்கு அம்மாளின்ட காலடியில இருக்கட்டும். நாளைக்குக் காலமைப் பூசை முடியத்தான் எடுக்கலாம்." அவன் ஐயரைப் பார்த்தான், அம்மாளைப் பார்த்தான், கூட்டத்தைப் பார்த்தான். கதைத்திருக்க வேண்டிய இடம் அது. கதைத்து ஒருதரம் நம்பப்படாதவன், அங்கேயும் கதைக்கவில்லை. கடதாசியை மடித்து மறுபடி இடுப்பில் செருகிக்கொண்டு, வாளை அம்மாளின் காலடியில் வைத்தான்.

வாழையை வெட்டினால் வடிகிற கயர் உடுப்பில் பட்டால் கறை போகாது என்று எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரியும். வாழைக்குலை வெட்டும்போது பழைய சட்டை போடாத ஆம்பிளை உண்டா? அவ்வளவு தெரிந்த சனம் அத்தனை பேரும் நின்று அரோகரா சொன்னோம். சட்டையில் படுவதுதான் எங்களுக்குக் கயர். வாளில் படுவது எங்களுக்குப் பூசை.

மறுநாள் பூசை முடிந்து அவன் வாளை எடுத்து ஈரச் சந்தனத்தை ஒற்றி எடுத்தபோது நானும் கூட நின்றேன். பொட்டு வைத்த மூன்று இடத்திலும் கீழே மண்ணிறமாக இருந்தது. அலகு வாழைக்குள் போன இடம் முழுக்கக் கயர் வழிந்து காய்ந்து, நீலமும் கறுப்புமாக இறங்கியிருந்தது. அந்த வெள்ளைக் கோட்டின் மேலேயே. அவன் துடைத்தான், பொடி தட்டினான், மறுபடி துடைத்தான். அது போகவில்லை. அவன் வாயைத் திறந்து, உருவிய வாளுக்கு முன்னாலேயே, "ஐயோ அம்மா" என்றான்.

நான் தலைவரிடம் போய்க் கத்தினேன். வாயில் வந்ததெல்லாம் சொன்னேன். அவர் உண்மையிலேயே விளங்காமல்தான் என்னைப் பார்த்தார். "இரும்புதானே தங்கச்சி. சாண்ட் பேப்பர் போட்டு உரஞ்சினால் போயிடும்" என்றார். அவரை அடிக்கக் கையெழும்பவில்லை, அவ்வளவு அப்பாவியாகச் சொன்னார்.

அவள் திரும்பி வந்த அன்றைக்கே இவன் வாளைக் கொண்டுபோனான். தனியாகப் போக விடப் பயமாக இருந்ததால் நானும் போனேன். அவள் யன்னலடியில் நின்று உருவிப் பார்த்தாள். அலகை வெளிச்சத்தில் இரண்டு பக்கமும் திருப்பினாள். பிறகு உறைக்குள் போட்டு வைத்துவிட்டு, என்ன நடந்தது என்று கேட்டாள். நான் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் அம்மாள், அசுரன், வாழை எல்லாம் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அது சின்னப்பிள்ளை விளையாட்டுப் போலப் பட்டது. அவள் கவனமாகக் கேட்டாள். "என் கணவர் இருந்திருந்தால் கோபப்பட்டிருப்பார்" என்றாள். "எனக்குக் கோபம் இல்லை. நல்ல காரியத்துக்குத்தான் எடுத்தீர்கள்." அப்படிச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவளுடைய கண் நிறைந்தது. மூக்கைத் துடைத்துக்கொண்டு தேத்தண்ணி போட எழுந்து போனாள். அவள் வருவதற்குள் இவன் கழுத்திலிருந்த சாவியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு வெளியே போய்விட்டான்.

தீட்டித் திருத்த முடியுமா என்று அவள் அந்தத் தொழில் தெரிந்த ஒருவரிடம் காட்டினாள். தீட்டுவது என்றால் மேல் இரும்பைக் கொஞ்சம் தேய்த்து எடுப்பதுதான். இந்த வாளைத் தலைமுறை தலைமுறையாகத் தீட்டித் தீட்டி மேல்தோல் மெலிந்துவிட்டதாம். இனி ஒருதரம் தீட்டினால் உள்ளே இருக்கிற சாதாரண இரும்பு வெளியே வந்துவிடும், அந்தக் கோடும் போய்விடும். இருக்கிறபடியே எண்ணெய் போட்டு வைத்திருங்கள் என்றாராம். ரெலிபோனில் எனக்குச் சொல்லிவிட்டு, அவனை மறுபடி வரச் சொல்லுங்கள், மற்ற வாள்கள் காத்திருக்கின்றன என்றாள். நான் அப்படியே போய் அவனிடம் சொன்னேன். அவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான்.

வகுப்புக்குப் போகவில்லை. களஞ்சிய வேலைக்கும் போகவில்லை. படத்தில் இருந்த பெண்ணுக்கு வேறு இடத்தில் பேசி முடித்தார்கள். டொக்டர் குளிசை தந்தார், அதைப் போட்டுவிட்டு மத்தியானம் வரை கிடந்தான். நான் திட்டிப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன், அவனுக்குப் பிடித்த ஒடியற்கூழ் காய்ச்சிக் கொண்டுபோய் வைத்தேன். ஒருநாள் மட்டும் சொன்னான்: "அவ ஏசியிருந்தால் பரவாயில்லை அக்கா." ஏச்சு வாங்கப் பழகியவன் அவன். அடி வாங்கவும் பழகியவன். நம்பாமல் விட்டவர்களை அவன் எப்படியோ சமாளித்து இருந்துவிட்டான். நம்பினவளின் முகத்தில் அவனால் முழிக்க முடியவில்லை. எனக்கு அவன்மேல் ஆத்திரம் வரும். இரும்புக்காக ஒரு மனிசன் இப்படிச் சாவானா என்று கத்துவேன். கத்திவிட்டு, அது இரும்பில்லை என்று எனக்குத் தெரிவதால் படியில் உட்கார்ந்து அழுவேன்.

அந்தப் பெண் விடவில்லை. பல தடவை வந்தாள். வந்தபோதெல்லாம் இவன் மேலேயிருந்து இறங்கவில்லை. கடைசியாக ஒரு மாரிகாலப் பின்னேரம் வந்தாள், கையில் அந்த நீளப் பையோடு. வீட்டை விற்றுவிட்டு ஸ்கொட்லாந்துக்கே சகோதரியோடு போகப் போகிறாளாம். மற்ற வாள்களையெல்லாம் ஏலத்துக்குக் கொடுத்துவிட்டாள். இதை அவனுக்குத் தர வந்திருக்கிறாள்.

நான் மேலே ஓடினேன். விசயத்தைச் சொன்னேன். அவன் கட்டிலில் எழுந்து இருந்தான், இரண்டு கையாலும் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு.

"நான் இல்லை எண்டு சொல்லுங்கோ அக்கா."

"விசரா, உனக்குத் தரத்தான் வந்து நிக்கிறா."

"என்னட்டைத் தர வேண்டாம். காலில விழுறன். இல்லை எண்டு சொல்லுங்கோ."

உண்மையிலேயே கட்டிலை விட்டு இறங்கி என் காலைப் பிடிக்க வந்தான். நான் கீழே போய், அவன் வெளியே போயிருக்கிறான் என்று சொன்னேன். அவள் படிக்கட்டின் மேல்பக்கத்தைப் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது. பையை என்னிடம் நீட்டினாள். பிறகு என்ன நினைத்தாளோ, நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள். "இல்லை, அவர் வேண்டாம் என்றால் நான் வற்புறுத்தக் கூடாது" என்று சொல்லி, என் தோளைத் தொட்டுவிட்டு மழைக்குள் இறங்கினாள்.

கதவைச் சாத்திவிட்டு நான் திரும்ப, அவன் படியில் பாதி இறங்கி வந்து நின்றான். மேல் யன்னலால் பார்த்திருக்கிறான்.

"அக்கா, குடை இல்லாமலோ வந்தவ? பை நல்லா நனையுதல்லோ."

"ஓம்."

"உறைக்குள்ளை ஈரம் போயிடும். வீட்டை போன உடனை உருவித் துடைக்க வேணும். அவவின்ட கை ஏலாது."

"பஸ் இன்னும் வரேல்லை" என்றேன். "ஓடிப் போய்ச் சொல்லடா. நான் சொன்னால் அவவுக்கு விளங்காது. நீயே துடைச்சுக் குடுத்திட்டு வா."

அவன் மிச்சப் படியையும் இறங்கிக் கதவடிக்கு வந்தான். வெறுங்கால். கையைக் கதவுப் பிடியில் வைத்தான். நான் பின்னால் நின்று மூச்சு விடவில்லை. தெருமுனையில் பஸ் வந்து நின்ற சத்தமும், கதவு திறந்து மூடிய சத்தமும், வெளிக்கிட்ட சத்தமும் எங்கள் இருவருக்கும் கேட்டது. அவன் பிடியிலிருந்து கையை எடுத்தான். விரல் பட்ட இடத்தைச் சட்டைக் கையால் கவனமாகத் துடைத்துவிட்டு, மேலே போனான்.